கறுப்பு மணலுக்கு ஒரு ரசீது

உங்கள் ஆபீஸில் ஒரு டஜன் பேனா வாங்க எத்தனை கையெழுத்து வேண்டும்? எங்கள் ஆபீஸில் நாலு. இண்டெண்ட் போடுகிறவர், செக்‌ஷன் ஆபீஸர், ஸ்டோர்ஸ், கடைசியாக அக்கவுண்ட்ஸில் உட்கார்ந்திருக்கும் நான். கையெழுத்துப் போடுவதற்கு முன், "போன மாசம் வாங்கின பேனா எல்லாம் என்ன ஆச்சு?" என்று ஒரு கேள்வி கேட்பேன். எல்லோரும் மனசுக்குள் என்னைத் திட்டுவார்கள். எனக்குச் சம்பளமே அந்தக் கேள்விக்குத்தான்.

அப்படிப்பட்ட எனக்கு, சென்னை உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரி 17 அன்று அளித்த தீர்ப்பைப் பற்றிப் படித்தபோது தலை சுற்றிவிட்டது. தென் மாவட்டக் கடற்கரைகளில் தனியார் கம்பெனிகள் சட்டவிரோதமாகத் தாது மணல் அள்ளியது பற்றிய வழக்கு. நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியமும் எம்.ஜோதிராமனும் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். கம்பெனிகளிடமிருந்து அரசு வசூலிக்க வேண்டியதாக அதில் வந்த தொகை சுமார் 5,832 கோடி ரூபாய்.

மணல் என்ன, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நைசாக நழுவுகிற சரக்கா? லாரியில் ஏறவேண்டும். ரோட்டில் போகவேண்டும். ஆலைக்குள் நுழைந்து, வெளியே வந்து, கப்பல் ஏறவேண்டும். வழி நெடுக யாராவது ஒருத்தர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பேனாவுக்கு நாலு கையெழுத்துக் கேட்கிற தேசத்தில், இத்தனை நாற்காலிகளையும் தாண்டி அவ்வளவு மணல் எப்படிப் போயிற்று?

இதில் எனக்கு என்ன அக்கறை என்றால், நான் வேம்பார்க்காரன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால் ராமநாதபுரம் மாவட்டம் முடிந்து தூத்துக்குடி மாவட்டம் ஆரம்பிக்கிற இடம். பஸ்ஸில் தூங்கிவிட்டால் தெரியாது. முத்துக்குளித்துறைக் கடற்கரையின் ஏழு பழைய துறைகளில் முதலாவது எங்கள் ஊர், அடுத்தது வைப்பார். பனையும் உப்பளமும் கடலும்தான் எங்கள் சொத்து. அப்புறம் காலுக்கடியில் மணல்.

அந்த மணலைச் சொத்து என்று நாங்கள் நினைத்ததே இல்லை. அலை பெரிசாக அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் கரையோரம் கறுப்புக் கறுப்பாகக் கோடு விழுந்திருக்கும். சில இடங்களில் சிவப்பாக மினுங்கும். காரணம் ரொம்ப எளிது. அலை, முறம் பிடித்த பாட்டி மாதிரி வேலை செய்கிறது. லேசான வெள்ளை மணலைப் புடைத்துத் தள்ளிவிட்டுக் கனமான மணியைக் கரையிலேயே விட்டுவிடுகிறது. கறுப்பு, இல்மனைட். சிவப்பு, கார்னெட். கூடவே ரூட்டைல், சிர்கான். தேன் நிறத்தில் கொஞ்சூண்டு மோனசைட். ஆலையில் நடப்பதும் இதே புடைத்தல்தான். எடையை வைத்துப் பிரிப்பார்கள், காந்தத்தை வைத்துப் பிரிப்பார்கள், மின்சாரத்தை வைத்துப் பிரிப்பார்கள்.

கார்னெட், உப்புத்தாள் மாதிரி தேய்க்கவும் அறுக்கவும் உதவும். கறுப்பு இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டை ஆக்ஸைடு எடுக்கலாம். அதுதான் பெயிண்ட்டுக்கும் பற்பசைக்கும் வெள்ளை நிறம் கொடுப்பது. இத்தனை கறுப்பிலிருந்து இத்தனை வெள்ளை! கல்யாணச் சந்தையில் இருக்கிற நண்பர்கள் இதைக் கேட்டுத் தைரியம் அடையலாம்.

ஆனால் கதாநாயகன் அந்தக் கொஞ்சூண்டு மோனசைட்தான். அவரை ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியின் கடையில் செந்தில் கைவைத்து உடைப்பாரே, பெட்ரோமாக்ஸ் மேண்டில்! அந்தக் காலத்து மேண்டில்கள் பளீரென்று எரிந்ததற்குக் காரணம் தோரியம். தோரியம் கிடைப்பது மோனசைட்டில். 1909-ல் ஷாம்பர்க் என்கிற ஜெர்மன்காரர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறி வந்த தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். தேடிக்கொண்டு வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. ஐரோப்பாவின் தெருவிளக்குகளுக்குக் கன்னியாகுமரிப் பக்கத்து மணல் போக ஆரம்பித்தது. கயிறு வாங்கினவன் கயிறோடு ஒட்டிய மண்ணைக்கூட விடவில்லை. வியாபாரி என்றால் அவன் வியாபாரி.

வெளிச்சத்துக்காக ஒருமுறை எடுத்தாயிற்று. இப்போது இன்னொரு வெளிச்சத்துக்கு அதே மணல் தேவைப்படுகிறது.

மோனசைட்டில் தோரியம் மட்டும் இல்லை. பாதிக்கு மேல் அரிய மண் தனிமங்கள். அவற்றில் நியோடிமியம், பிரசியோடிமியம் என்று வாய்க்குள் நுழையாத இரண்டு பேர். இவர்களை இரும்போடும் போரானோடும் சேர்த்தால் சின்னதாக, அசுர பலத்தோடு ஒரு காந்தம் கிடைக்கும். மின்சார ஸ்கூட்டர் சத்தமில்லாமல் சிட்டாகப் பறக்கிறதென்றால் மோட்டாருக்குள் அநேகமாக அந்தக் காந்தம் இருக்கும். மின்சாரக் காருக்கு ஒன்றிரண்டு கிலோ வேண்டும். புதுவகைக் காற்றாலைகள் சிலவற்றுக்கு நூற்றுக்கணக்கான கிலோ. பெட்ரோலையும் நிலக்கரியையும் விட்டுவிட்டு உலகம் வேறு பக்கம் திரும்புகிறது என்கிறார்கள். திரும்புகிற கீல் இந்தக் காந்தம்தான்.

இந்தத் தனிமங்களைச் சுத்திகரிக்கும் வேலையில் 10-க்கு 9 பங்கு சீனாவில் நடக்கிறது. 2025 ஏப்ரல் 4 அன்று, ஏழு அரிய மண் தனிமங்களும் அவை கலந்த காந்தங்களும் லைசென்ஸ் இல்லாமல் வெளியே போகக்கூடாது என்று சீனா உத்தரவு போட்டது. அமெரிக்காவோடு வரிச் சண்டை. அடி நம் வண்டிக் கம்பெனிகளுக்கும் விழுந்தது. அந்த வருஷம் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி மின்சார ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தான். "ஷோரூம்ல கேட்டா, காந்தம் வரலைங்கிறாங்கண்ணே. நான் வண்டிதானே கேட்டேன், காந்தமா கேட்டேன்?" என்று புலம்பினான்.

அப்புறம் டில்லியில் வேகம் பிடித்தது. 2025 ஜனவரியிலேயே தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருந்தது. மத்திய அரசின் செலவு மட்டும் 16,300 கோடி. நவம்பரில், வருஷத்துக்கு 6,000 டன் காந்தம் இங்கேயே செய்ய 7,280 கோடியில் ஒரு திட்டம். 2026 பட்ஜெட்டில் ஒடிசா, கேரளா, ஆந்திரா, தமிழ்நாடு நாலுக்கும் 'அரிய மண் வழித்தடம்' அமைக்க உதவி. மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி நாட்டில் 1 கோடியே 31 லட்சம் டன் மோனசைட் இருக்கிறது. எங்கெங்கே என்று சொல்லும்போது கடற்கரை மணலோடு, 'தேரி' என்று ஒரு வார்த்தையும் வருகிறது. நம்ம திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரியேதான்! கண்ணில் மண் விழுந்தால் நாம் சபிக்கிற வார்த்தை, டில்லி ஃபைலில் சொத்துக் கணக்கில் ஏறியிருக்கிறது.

இதையெல்லாம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பாவிடம் விவரமாகச் சொன்னேன். வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப திரும்பவும் வருவானுவன்னு சொல்லுத."

"பழைய ஆளுக இல்ல சித்தப்பா. இது அரசாங்கம். நாட்டுக்குத் தேவைப்படுது."

"முன்னால வந்தவனும் அதைத்தாம்ல சொன்னான். வேலை கிடைக்கும், டாலர் வரும்னான்."

"வந்துச்சா?"

"டாலர் வந்துருக்கும். எங்க வந்துச்சுன்னுதான் தெரியல."

இதற்கு அக்கவுண்ட்ஸ்காரனான என்னாலும் பதில் சொல்ல முடியவில்லை. உயர் நீதிமன்றத்துக்கே கணக்குப் பார்க்கப் பல வருஷம் ஆகியிருக்கிறது.

* * *

பல வருஷக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் இந்த மணல் அரசாங்கத்தின் ஏகபோகம். 1950-ல் ஆரம்பித்த இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம்தான் அதன் கை. 1998-ல் மத்திய அரசு ஒரு கொள்கை வெளியிட்டுத் தனியாருக்கும் கதவைத் திறந்தது. மோனசைட் மட்டும் அணுசக்தித் துறையின் பூட்டுக்குள். இதில்தான் வேடிக்கை. ஒரே கைப்பிடி மணலில் எல்லாம் கலந்திருக்கிறது. கார்னெட்டை மட்டும் எடுத்துக்கொள், மோனசைட்டைத் தொடாதே என்றால் என்ன அர்த்தம்? கல்யாண வீட்டில் சாம்பார் ஊற்றிக்கொள், முருங்கைக்காயைத் தொடாதே என்கிற மாதிரி. இலையைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே ஒருத்தர் நின்றால் ஒழிய நடக்காது. யார் நின்றார்கள்?

2013 ஆகஸ்ட் 6-ம் தேதி ஒருத்தர் நின்றார். தூத்துக்குடி கலெக்டர் ஆஷிஷ் குமார். எங்கள் பக்கத்து ஊரான வைப்பாரில் சட்டவிரோதமாக மணல் அள்ளுவதாகப் புகார் வந்து, அதிகாரிகளை அனுப்பிச் சோதனை போட்டார். சில மணி நேரத்தில் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. நம் ஆபீஸில் ஒரு மெடிக்கல் பில் பாஸாக நாலு மாசம் ஆகிறது. அரசாங்கத்தால் எவ்வளவு வேகமாகவும் வேலை செய்ய முடியும் என்று அன்றைக்கு எங்கள் ஏரியாவுக்கே தெரிந்தது.

ஆனால் விஷயம் வெளியே வந்துவிட்டது. இரண்டே நாளில் ககன்தீப் சிங் பேடி தலைமையில் ஆய்வுக் குழு. தூத்துக்குடி மாவட்டத்தில் தாது மணல் எடுப்பது நிறுத்தம். செப்டம்பர் 17 அன்று மற்ற மாவட்டங்களுக்கும் தடை. அப்புறம் மத்திய அரசு ஒவ்வொரு கதவாக மூடியது. 2016-ல், மோனசைட் ஒரு அளவுக்கு மேல் இருந்தால் தனியாருக்குக் குத்தகை கிடையாது என்று விதி. 2018 ஆகஸ்டில், ஏற்றுமதியெல்லாம் அந்த அரசு நிறுவனம் வழியாக மட்டும். 2019-ல் தனியார் குத்தகைகளுக்கே முற்றுப்புள்ளி.

ஏகபோகம், தனியார், திரும்ப ஏகபோகம். மணி ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டது. இதில் ஒரு தடவையாவது கரையில் இருக்கிறவனிடம் யாராவது வந்து, "இன்னின்ன இடத்தில் இவ்வளவு எடுக்கப் போகிறோம், இவ்வளவு பணம் வரும், உனக்கு இன்னது" என்று சொன்னார்களா என்பதுதான் என் கேள்வி. அரசாங்கம் எடுத்தால் திருட்டு குறையலாம். ஆனால் சொல்லாமல் எடுப்பதற்கு எந்தக் கம்பெனியாக இருந்தால் என்ன?

"கடலும் மணலும் அரசாங்கச் சொத்து. ஊர்க்காரனுக்கு எதற்குக் கணக்கு?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு எங்கள் தாத்தாக்கள் காலத்து முத்துக் கணக்கைச் சொல்லவேண்டும்.

முத்துச் சிப்பி வளருகிற கடலடிப் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். பாரும் அரசாங்கச் சொத்துதான். ஆனால் நினைத்த வருஷம் நினைத்தபடி முங்க முடியாது. முதலில் அதிகாரிகள் போய்ப் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிச் சிப்பி எடுத்து, வயது பார்த்து, உள்ளே முத்து எவ்வளவு தேறும் என்று மதிப்புப் போடுவார்கள். தேறாது என்றால் அந்த வருஷம் குளிப்பு இல்லை. தேறும் என்றால் நாள் குறித்து முன்கூட்டியே அறிவிப்பார்கள். 1900-களில் எதிர்க்கரையில், அதாவது இலங்கைப் பக்கத்தில், அன்றன்றைய சிப்பியைக் கரையில் மூன்று பங்காகப் பிரிப்பார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று முங்கினவர்களுக்கு. எல்லோர் கண் முன்னாலும் எண்ணிக்கை. அரசு பங்கு அங்கேயே ஏலம். நடுக்கடலில் சிப்பியைப் பிளந்து முத்தைப் பதுக்கிவிடக்கூடாது என்று காவல் வேறு. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் போடுகிற 'கடல்கட்டி'க்குக்கூடத் தனிப் பங்கு உண்டு. இந்தக் காலத்தில் அவருக்குக் கன்சல்டண்ட் என்று பெயர் வைத்திருப்பார்கள். பங்கும் கூடியிருக்கும்.

மூன்றில் ஒன்று நியாயமான பங்கா என்று நீங்கள் சண்டை போடலாம். வெள்ளைக்காரன் ஒன்றும் தர்மராஜா இல்லை. ஆனால் சண்டை போடுவதற்கு ஒரு எண் இருந்தது. எண்ணிக்கை கரையில் நடந்தது, முங்கினவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் ஒரு பேராசை. 1906-ல் இலங்கை அரசாங்கம் பார்களை மொத்தமாக ஒரு லண்டன் கம்பெனிக்கு 20 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. வருஷ வாடகை 3,10,000 ரூபாய். முன்பே அரசாங்கம் அளவு மீறி எடுத்திருந்தது. கம்பெனி வந்தும் எடுத்தது. 1907-க்கு அப்புறம் பல வருஷம் அங்கே குளிப்பே இல்லை. 20 வருஷக் குத்தகை எடுத்த கம்பெனி பாதி தூரம்கூடப் போகாமல் இழுத்து மூடப்பட்டது. எங்கள் தூத்துக்குடிக் கரையில் கடைசிக் குளிப்பு 1961-ல். அதற்கப்புறம் பார்கள் வாய் திறக்கவில்லை.

முத்தாவது உயிருள்ளது. விட்டுவைத்தால் வளரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. மணல் எந்தக் காலத்தில் முட்டை போட்டுக் குஞ்சு பொரித்தது? எடுத்தால் எடுத்ததுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டபோது 21 தீவுகள். அதில் வேம்பார் கூட்டம் என்றே மூன்று தீவுகள். உப்புத்தண்ணி, புளுவினிச்சல்லி, நல்லதண்ணி. பெயரைச் சொன்னாலே தாகம் எடுக்கும். இந்த 21-ல் இரண்டு இன்றைக்குத் தண்ணீருக்குள். பூவரசன்பட்டி ஒன்று, விலங்குசல்லி இன்னொன்று. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததுதான் முக்கியக் காரணம் என்கிறார்கள். வீட்டுச் சுவரில் செங்கல் உருவுகிற மாதிரி. முதல் செங்கலை உருவினவனுக்கும் ஆயிரமாவது செங்கலை உருவினவனுக்கும் ஒன்றுமே ஆகவில்லை. ஒருநாள் வீடு இல்லை. எடுத்தவர்களில் எங்களைப் போன்ற கடற்கரைக்காரர்களும் உண்டு. அதையும் சொல்லிவிடவேண்டும். கணக்கு இல்லாத இடத்தில் ஏழை, பணக்காரன் என்று பேதமில்லாமல் எல்லோருக்கும் கை நீளும்.

* * *

இந்தச் சமயத்தில்தான் 2025 செப்டம்பர் 8 அன்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் எடுக்கும் சுரங்கத் திட்டங்களுக்கு இனிமேல் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை. நாட்டுப் பாதுகாப்பு, அவசரத் தேவை என்று காரணம். மோனசைட் இந்தப் பட்டியலுக்குள் வருகிறது.

கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றுக்கு நீங்கள் போனதுண்டா? 2006-ம் வருஷ விதிப்படி 30 நாள் முன்னாடியே பேப்பரில் விளம்பரம் வரவேண்டும். திட்டத்தின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்கவேண்டும். கலெக்டரோ அவர் சார்பில் ஒரு அதிகாரியோ தலைமை. எல்லாம் வீடியோ எடுக்கப்படும். நடைமுறையில் ஒரு சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" என்று ஆரம்பித்து அரை மணி நேரத்துக்கு அதே டெஸ்ட்டிங். தமிழ்ச் சுருக்கம் என்று ஒன்று தருவார்கள். அதைப் படித்துப் புரிந்துகொள்ளத் தமிழ் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, தெய்வ அருளும் வேண்டும். ஆதரவாகப் பேச ஒரு வேன், எதிர்த்துப் பேச ஒரு வேன். கடைசியில் கூச்சல், நாற்காலி பறக்கும், கூட்டம் முடிந்தது.

ஆனாலும் அதைக் கேலி பண்ணிவிட்டு நான் எழுந்துபோகத் தயாரில்லை. ஏனென்றால் சட்டத்தில் அந்த ஒரு இடத்தில்தான், கைலி கட்டினவன் மைக்கைப் பிடித்துக் கேட்கிற கேள்வி பதிவேட்டில் ஏறுகிறது. அவன் கேட்டதற்குத் திட்டக்காரர் எழுத்தில் பதில் சொல்லியாகவேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்க அரசு நிறுவனம் திட்டம் போட்டபோது, 2024 அக்டோபரில் கருத்துக்கேட்பு நடப்பதாக இருந்தது. அந்த அறிவிப்பால்தான் ஊர் ஊராக விஷயம் பரவியது. எதிர்ப்பு கிளம்பியது, கூட்டம் தள்ளிப்போனது. அறிவிப்பே இல்லையென்றால்? ஒருநாள் காலையில் கடலுக்குப் போகிறவன் பொக்லைனைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டியதுதான். முதலமைச்சர் என்ற முறையில் மு.க.ஸ்டாலின் அதே செப்டம்பரில், இந்தக் குறிப்பாணையை வாபஸ் வாங்கும்படி பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

"அவசரம் சார். ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தால் சீனாக்காரன் எங்கேயோ போய்விடுவான்" என்றார் என் பக்கத்து ஸீட்டு நண்பர். நல்ல மனிதர். மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கிறார்.

அவருக்கு நான் அரிட்டாபட்டியைச் சொன்னேன். மதுரை மேலூர் பக்கம். அங்கேயும் முக்கியக் கனிமம்தான், டங்ஸ்டன். 2023-ல் சட்டத்தைத் திருத்தி, இந்த வகைக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 2024 நவம்பரில் ஏல முடிவு வந்தது. சுற்றிலும் இருந்த ஊர்கள் பேப்பரைப் பார்த்துத் திடுக்கிட்டன. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டசபை தீர்மானம் போட்டது. ஜனவரியில் ஜனங்கள் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து. கேட்காமல் செய்ததால் மிச்சமான நேரம் எவ்வளவு? பூஜ்யம். முன்கூட்டியே கேட்டிருந்தால், அந்தச் சமணக் குன்றுகளும் குளங்களும் இருக்கிற இடம் வேண்டாம் என்று முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

நண்பர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப காந்தமே வேண்டாங்கிறீங்களா?"

இல்லை. அதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் புகை குறையவேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். கடல் சூடாகி மீன் ஆழத்துக்குப் போய்விட்டது என்று சித்தப்பாவே சொல்கிறார். தூத்துக்குடியிலேயே 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலை திறந்தாயிற்று. எங்கள் பசங்கள் அங்கே வேலைக்குப் போகட்டும். மணலும் நம்முடையது, காரும் நம் மாவட்டத்தில், நடுவில் காந்தம் மட்டும் சீனாவிலிருந்து என்றால் யாருக்கும் வயிறு எரியும். எடுக்கக்கூடிய இடம் என்று ஒன்று இருந்தால் எடுக்கலாம். எந்த இடம், எவ்வளவு, எந்த விலைக்கு, யார் எதிரில் எடை போட்டு? எடுத்த குழியை யார் மூடுவது? அலை ஊருக்குள் வந்தால் யார் பொறுப்பு? இதைக் கேட்பவன் தேசத்துரோகி இல்லை. அக்கவுண்ட்ஸ்காரன்.

சட்டத்தில் ஏற்கெனவே ஒரு பானை வைத்திருக்கிறார்கள். 2015 திருத்தத்தின்படி சுரங்கம் உள்ள மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை உண்டு. எடுப்பவர் கட்டும் ராயல்டியை ஒட்டி ஒரு பங்கு அதில் விழவேண்டும், பாதிக்கப்படும் ஊர்களுக்குச் செலவாகவேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் ராயல்டிக் கணக்கு எடைக் கணக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எடை பொய்யென்றால் பானையில் விழுவதும் பொய். 5,832 கோடி பாடம் அதுதான்.

சித்தப்பாவிடம் இந்தப் பானைக் கதையையும் சொன்னேன். அவருக்கு அறக்கட்டளை, ராயல்டி எல்லாம் பிடிபடவில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்.

"எல்லாம் சரிடே. எடை மேடையை எங்க வைப்பானுவ? ஊருக்குள்ளயா, ஆலைக்குள்ளயா?"

கேட்டீர்களா? கனிமக் கொள்கை பற்றி நான் படித்த அத்தனை பக்கத்திலும் இவ்வளவு நல்ல கேள்வி ஒன்று வரவில்லை. வலைக்காரன் மீனை ஏலக் கூடத்தில் கண் முன்னால் நிறுத்துப் போடுகிறான். உப்பளத்துக்காரன் மூட்டையை எண்ணி விடுகிறான். கருப்பட்டி போடுகிறவர்கூடச் சிப்பத்தைத் தராசில் ஏற்றிக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்குகிறார். இந்த ஊரில் கண்ணுக்குத் தெரியாமல் எடை போட்டுப் போன ஒரே சரக்கு, விலை அதிகமான சரக்குதான்.

ஆகவே கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்து பட்டணத்து ஆபீஸ்களில் உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. வருஷத்துக்கு ஆறு நாள் நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் நாலு நாள் நமக்கு லீவு. அந்த லீவில் என்ன செய்கிறோம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மதியம்வரை தூக்கம், அப்புறம் டி.வி.

கிராம சபைத் தீர்மானம் ஒன்று பொக்லைனைத் தடுத்து நிறுத்திவிடாது. ஆனால் காகிதத்தில் ஏறினது காகிதத்தில் இருக்கும். பத்து வருஷம் கழித்து ஒரு கலெக்டரோ ஒரு நீதிபதியோ தூசி தட்டிப் படிக்கலாம். ஃபைல் எழுதவும், மனுப் போடவும், "மேற்படி பொருள் தொடர்பாக" என்று ஆரம்பிக்கவும் ஊரில் இருக்கிறவர்களைவிட நமக்கு நன்றாகத் தெரியும். அந்த வித்தையை வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஊருக்குக் கொடுக்கலாம். பெரிதாக ஒன்றும் எழுதவேண்டாம். எங்கள் பஞ்சாயத்துக்கு நான் எழுதிவைத்திருக்கும் மனுவில் இரண்டே வரி: எடுப்பதற்கு முன் ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டும். எடை மேடை ஊருக்குள், ரசீது தமிழில்.